தோள் தேய்ந்த பிக்

1. முதல் நாள்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்கு எதிர்வரிசையில் இருந்த வாத்தியக் கடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். கவுன்டரில் நின்றேன், தந்தி மாற்றினேன், உடைந்த கிட்டார் கழுத்துகளை ஒட்டினேன். ஆனால் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் 'பிக்' ராமலிங்கம்தான். பிக் என்றால் கிட்டார் தந்தியை மீட்டுகிற சின்னச் சில்லு. இப்போது கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைகிற பிள்ளைகள் வீட்டுக்கே வந்து, "அங்கிள், எனக்கு எந்த பிக் சரியா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்கிறேன். சொல்லும்போதே அவர்கள் கட்டைவிரலைத்தான் பார்க்கிறேன். ஏன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது.

முதலாளி செல்லையா யாழ்ப்பாணத்துக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்து கவுன்டர்மேல் கவிழ்த்தார். ஆமை ஓட்டில் வெட்டியது, எருமைக் கொம்பில் சீவியது, செல்லுலாய்டு, கெட்டிக் கம்பளி என்று நாற்பது ஐம்பது பிக்குகள் பரவின.

"இதிலை எது காணும் நல்ல பிக்?" என்றார்.

நான் மினுமினுவென்றிருந்த ஓர் ஆமை ஓட்டைத் தொட்டேன்.

"ஆர் வாசிக்கிறதுக்கு?"

"யாராவது... பொதுவா சொன்னேங்க."

"ஆரெண்டு தெரியாமல் நல்லது எண்டு எப்பிடிச் சொன்னனீர்? முதல்லை கையைப் பாரும். பிறகு பிக்கைப் பாரும்."

எனக்குக் கோபம் வந்தது. இவர் என்ன பெரிய பிக் மேதாவி என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். ஆனால் அவர் சொன்னதுதான் இந்தத் தொழிலில் மொத்தமும். பாட்டுக்குப் பின்னால் ஆறு தந்தியையும் சேர்த்து வருடுகிறவருக்கு மெல்லிசு வேண்டும், அது வளைந்து கொடுக்கும். ஒற்றை ஒற்றைச் சுரமாக மெட்டு வாசிக்கிறவருக்குத் தடிமன் வேண்டும். உள்ளங்கை வேர்க்கிறவருக்கு அகலமான முக்கோணத்தைக் கொடுத்து, அதன்மேல் ஒரு துண்டுத் தக்கை ஒட்ட வேண்டும். ஆமை ஓடு நல்ல சத்தம் தரும்தான், ஆனால் நம்மூர்ப் புழுக்கத்தில் ஜன்னலோரம் வைத்தால் அப்பளமாகச் சுருண்டுவிடும். செல்லுலாய்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேறொரு குணம் உண்டு. செய்யும்போதே கற்பூரம் சேர்ப்பார்களாம், விளிம்பைத் துணியில் நாலு தரம் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனால் கற்பூர வாசம் வரும். புதிதாகத் தேய்ந்த விளிம்பில் அந்த வாசம் தூக்கலாக இருக்கும்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய பிக்கைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதிது கொடுப்போம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுப்போம். பழையதை அவரவர் பெயர் எழுதிய பொட்டலத்தில் போட்டு வைப்போம். விற்கிற ஒவ்வொன்றிலும் கடையின் இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சூடான அச்சால் பதிப்போம். இரண்டே வருஷத்தில் நான் இந்தத் தேய்மானம் பார்ப்பதில் கெட்டிக்காரனாகிவிட்டேன். பெயர் சொல்லாமல் பத்துப் பிக்குகளைக் கொடுத்தால், இது இன்னாருடையது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பேன். கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். எனக்குத் தலைகால் புரியாது.

2. தங்கவேலு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு நாள் தங்கவேலு கடைக்கு வந்தார். பகலில் மர ஆலையில் வேலை, மற்ற நேரத்தில் நாடகக் கம்பெனிக்குக் கிட்டார். கூட அவர் மனைவி பாக்கியமும் வந்திருந்தார். தங்கவேலுவின் வலது கட்டைவிரலில் நுனிக் கணு இல்லை. ரம்பம் எடுத்துக்கொண்டுவிட்டது.

"அண்ணே, எந்த பிக்கும் கையில நிக்க மாட்டேங்குது. ரெண்டு பாட்டுக்குள்ள பறந்து போயி மிருதங்கக்காரர் மடியில விழுது. அவரு எடுத்துக் குடுக்கறப்ப பாக்குறாரு பாருங்க ஒரு பார்வை!"

மெல்லிய பிக்கைக் கொடுத்தேன். முதல் வருடலிலேயே கவுன்டருக்கு அடியில் போய் விழுந்தது. முக்கோணத்தைக் கொடுத்தேன். நின்றது, ஆனால் கூர் தந்தியில் பட்டுக் கீச்சென்றது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் பழுப்பு நிறத்தில் தடித்த செல்லுலாய்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைக் குட்டையான கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து, கூர் உள்ளங்கைப் பக்கம் போகும்படி திருப்பினார். பிக்கின் மேல்முனையில் உருண்டையாக இருக்கும் தோள்தான் தந்தியில் பட்டது.

அப்படி ஒரு சத்தத்தை அதுவரை நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதுபோல் மழுங்கி, உருண்டு வந்தது. வாசலில் நின்றிருந்த பாக்கியம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுதாங்க. இதையே குடுங்க," என்றார்.

அதன்பின் தங்கவேலு மாதம் ஒருமுறை வருவார். ஒரு சின்ன டப்பாவில் ஆறு பழைய பிக்குகளைக் கொண்டுவந்து கொட்டி, ஆறு புதிது கேட்பார். ஆறிலும் ஒரே தேய்மானம். இடது தோள் மட்டும் கடித்த நகத்தைப்போல் உள்வாங்கியிருக்கும், கூர் புத்தம்புதிதாக இருக்கும். உலகத்தில் வேறு யாரும் பிக்கை அப்படித் தேய்க்க முடியாது.

"பிக்கை வாசிக்கிறீங்களா, கடிச்சுத் திங்கிறீங்களா?" என்று கேலி செய்வேன்.

"ரெண்டுந்தாண்ணே," என்று சிரிப்பார்.

ஒரு மனிதனுக்கு மாதம் ஆறு எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. குட்டை விரல், அழுத்திப் பிடிப்பார், சீக்கிரம் தேய்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

3. கார்ப்பரல்

அந்த வருஷக் கடைசி மழையில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். மலாய்க்காரக் கார்ப்பரல் ஒருவர் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துக் கவுன்டரில் பிரித்தார். உள்ளே ஒரு பழுப்புப் பிக். எங்கள் கடை அச்சு.

"சியாப்பா புன்யா?" என்றார். யாருடையது என்று கேட்கிறார்.

கிள்ளான் ஆறு கடலில் சேர்கிற பக்கம், சேற்றுக்காட்டில் ஓர் ஆள் ஒதுங்கியிருக்கிறாராம். இறந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருக்கும். நண்டுகள் முகத்தையும் கைகளையும் விட்டுவைக்கவில்லை. சட்டைப்பையில் இது ஒன்றுதான் இருந்தது. கிள்ளானில் விசாரித்து, அச்சைப் பார்த்து, எங்கள் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

நான் பிக்கை விரலில் எடுத்துத் திருப்பினேன். இடது தோள் உள்வாங்கியிருந்தது. கூர் புத்தம்புதிது.

"தங்கவேலு," என்றேன். "மர ஆலையில் வேலை பார்ப்பவர். சந்தேகமே இல்லை."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வடிவாப் பாத்துத்தான் சொல்லுறீரே?"

"ஆயிரம் பிக் நடுவுல போட்டாலும் இதை எடுப்பேங்க."

அப்படித்தான் சொன்னேன். இறந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசுகிறோம் என்ற துக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் கீழே, கார்ப்பரலே அசந்து பார்க்கிறாரே என்று ஒரு பூரிப்பும் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தங்கவேலு பத்து நாளுக்கு மேலாக வீட்டுக்கு வரவில்லை. நாடகத்துக்காக ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் பாக்கியம் தேடவில்லை. பாக்கியத்தின் தம்பி போய்ப் பார்த்துவிட்டு, "ஒன்னும் தெரியலக்கா, அவரு உயரந்தான்," என்று மட்டும் சொன்னார். மற்றதெல்லாம் என் வாய்ச்சொல்லில் நடந்தது. எரித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி. நானும் போயிருந்தேன். பாக்கியத்தின் நெற்றியைத் துடைத்து, வளையலை உடைத்து, தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அவர் ஒருமுறைகூட அலறவில்லை. யார் எங்கே உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்தார்.

கார்ப்பரல் திருப்பிக் கொடுத்த பிக்கை அவர் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

4. பச்சை

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்துக் கடைக்கு ஒரு புதுப் பெட்டி வந்தது. தடித்த செல்லுலாய்டுதான், ஆனால் இந்தத் தடவை பழுப்புக்குப் பதிலாகப் பச்சை, பாசி படிந்த குளத்து நிறம். அந்தப் பச்சை அதற்கு முன் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. பெட்டியைப் பிரித்து அச்சுக் குத்தியவன் நான்தான்.

அதே வாரம் கிள்ளான் பஸ் கண்டக்டர் மாணிக்கம் வந்து, யாரோ ஒருவர் கேட்டதாகத் தடித்த பிக் அரை டஜன் வாங்கிப்போனார். பழையது இல்லாமல் கொடுக்கக் கூடாது. கடையில் கூட்டம், கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மாணிக்கம் மறுபடி வந்தார். "அண்ணே, இதே மாதிரி வேணுமாம் லா," என்று ஒரு பச்சைப் பிக்கைக் கவுன்டரில் வைத்தார்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ரிக்‌ஷாக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பச்சைப் பிக்கைத் திருப்பினேன். இடது தோள் கடித்த நகத்தைப்போல் உள்வாங்கியிருந்தது. கூர் புத்தம்புதிது.

வேட்டித் துணியில் விளிம்பைத் தேய்த்து முகர்ந்தேன். கற்பூர வாசம் குப்பென்று வந்தது. நேற்றோ முந்தாநாளோ தேய்ந்தது அது.

"யாரு குடுத்தா?"

"பேரு கேக்கலண்ணே. பஸ் ஸ்டாண்டுல வந்து குடுக்கறாரு."

"அவரு கட்டைவிரல் எப்படி இருந்துச்சு? முழுசா இருந்துச்சா?"

மாணிக்கம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு யோசித்தார். "மடக்கி வச்சிருந்தாருண்ணே. விரலைப் பாக்கல. ஏன்?"

பச்சையை வாங்கி வைத்துக்கொண்டேன். புதிது எடுத்துக் கொடுத்தேன். அவர் போனபின் உள்ளே போய் தங்கவேலுவின் பெயர் எழுதிய பொட்டலத்தைத் தேடி எடுத்தேன். பழைய பழுப்புப் பிக்குகளை வரிசையாக வைத்து, பச்சையை நடுவில் வைத்தேன். எல்லாம் ஒரே கைதான். செத்தவர் உயிரோடிருந்தபோது வந்ததல்ல இது, செத்ததற்குப் பிறகு வந்தது. எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அதுதான் வந்தது.

"என்ன காணும், பேயைக் கண்டவர் மாதிரி நிக்கிறீர்?" என்றார் முதலாளி.

சொன்னேன். அவர் பச்சையையும் பழுப்பையும் மாறி மாறி எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பொம்பிளையிட்டைப் போய் ஒண்டும் சொல்லிப்போடாதையும். முதல்லை நீர் கிள்ளானுக்குப் போம். கையைப் பாரும். பிறகு அவவோடை கதையும்."

மறுபடியும் அதே பேச்சு. எனக்கு அதன்பின் நான்கு நாள் தூக்கமில்லை. உயிரோடிருக்கிற ஒருவர் பெயரைச் சொல்லி அவர் மனைவியின் தாலியை இறக்கிவிட்டேன் என்ற பயம் ஒரு பக்கம். எரிந்து சாம்பலானவர் எங்கேயோ உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது நிஜமானாலும் தனியாகத் தாங்க என்னால் முடியவில்லை. ஐந்தாம் நாள் பாக்கியம் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லச் சுளகு மெதுவாகி நின்றது. அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பச்சை எப்ப வந்துச்சுன்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"கருமாதிக்கு அப்புறம் ஒரு மாசம் கழிச்சும்மா."

"நிச்சயமா?"

"நான்தாம்மா பெட்டியப் பிரிச்சேன்."

"ஞாயித்துக்கிழமை காலையில ரயிலு இருக்குல்ல?" என்று எழுந்தார்.

5. கிள்ளானில் ஞாயிறு

கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கியதும் பாக்கியம் குழாயடியில் முகம் கழுவினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். குங்குமம். விரலில் தொட்டு, கண்ணாடி இல்லாமலே, நெற்றியில் வைத்துக்கொண்டார்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவரே சொன்னார்: "அவரு உசுரோட இருந்தா, அந்தக் கோலத்துல போயி முன்னாடி நிக்கலாமாண்ணே?"

பஸ் ஸ்டாண்டில் மாணிக்கத்தைக் கண்டுபிடித்தோம். பிக் கொடுக்கிறவர் ஆற்றோரத்தில் ஓர் அரிசிக்கடை மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பதாகச் சொல்லி வழி காட்டினார். அரிசிக்கடைக்குப் பக்கவாட்டில் மரப்படி. நாங்கள் முதல் படியில் கால் வைத்தபோது மேலே கிட்டார் சத்தம் ஆரம்பித்தது.

மழுங்கி, உருண்டு, வாயை மூடி முனகுகிற அதே சத்தம். பாக்கியம் என் கையைப் பிடித்தார். பிடித்ததே அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு விட்டுவிட்டுக் கிடுகிடுவென்று ஏறினார்.

மாடியில் ஒரே நீள அறை. ஜன்னல்களெல்லாம் திறந்து வெயில் தரையில் கிடந்தது. பாய்களில் ஐந்து பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்கும் வலது கட்டைவிரல் நுனி இல்லை.

அப்படித்தான் முதலில் தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். எங்களைப் பார்த்ததும் வாசிப்பு நின்றது. மரியாதையாக எழுந்து கைகூப்பினார்கள். கூப்பிய கைகளிலும் வலது கட்டைவிரல்கள் உள்ளே மடங்கியே இருந்தன. அவற்றில் ஒன்று மெதுவாக நிமிர்ந்தது. அதற்கு நுனி இருந்தது, நகம் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது. எல்லோருக்கும் முழு விரல்தான். மடக்கிப் பிடித்துப் பிடித்து அந்த இடத்திலேயே நிற்கிறது.

நடுவயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். பொன்னுசாமி, தையற்காரர். மாணிக்கத்திடம் பிக் கொடுத்தனுப்பியது அவர்தான்.

"மாஸ்டர் வீட்டுலேருந்து வரீங்களா? மாஸ்டர் டூரு முடிச்சு வந்துட்டாரா?" என்று கேட்டார்.

தங்கவேலு ஞாயிறுதோறும் கிள்ளானுக்கு வந்து இவர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மாதம் ஆறு பிக் இவர்களுக்குத்தான். அவர் கொண்டுவந்து கொட்டிய தேய்ந்த பிக்குகளும் இவர்களுடையவைதான். ஒரே கை என்று நான் ஊரைக் கூட்டிப் பெருமையடித்துக்கொண்டது ஆறேழு கைகளை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அவருக்கு விரல் இல்லைய்யா! உங்களுக்கு என்ன கேடு? எதுக்கு மடக்குறீங்க?"

"தெரியுங்க," என்றார் பொன்னுசாமி. "நேரா புடிச்சா அந்தச் சத்தம் வரல. மடக்குனா வருது. மாஸ்டர்கூட வேண்டாம்னுதான் சொன்னாரு, அவங்கவங்க கைக்கு ஏத்தபடி புடிங்கன்னாரு. நாங்கதான் கேக்கல."

பாக்கியம் ஐந்து முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஆறாவதாக ஒரு பாய் விரித்திருந்தது. அதில் யாரும் இல்லை.

"இது அவருக்கா?"

"இல்லம்மா, மாஸ்டர் நாற்காலியிலதான் உக்காருவாரு. இது ராஜரத்தினத்தோட எடம். கொடவுன்ல கிராணி, கணக்கு எழுதற வேலை. நாடகக் கம்பெனில சேத்து விடறேன்னு மாஸ்டர் கூட்டிக்கிட்டுப் போனாரு. கடைசியா வந்த ஞாயித்துக்கிழமை, அந்த மழையில. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சம்பான் படகுல ஆத்தைத் தாண்டினாங்க. நாங்க கரையில நின்னு பாத்தோம்."

அவர்கள் ஆற்றைக் கடந்தது ஞாயிறு. கார்ப்பரல் என் கடைக்கு வந்தது பதினோரு நாள் கழித்து வந்த வியாழன். அந்த வாரம் தங்கவேலுவும் வரவில்லை, புதிதாக யாரும் வந்து சேரவில்லை என்று கருமாதிக்கு வந்த நாடகக் கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஒருவர் சேற்றுக்காட்டில் கிடந்தார். மற்றவர் எங்கே?

"அந்தப் பையன் உயரம் எப்படி?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ.

"மாஸ்டர் உயரந்தான் இருப்பாரு. ஏங்க?"

சேற்றுக்காட்டில் ஒதுங்கியவரைப் பற்றிச் சொன்னேன். பாக்கியம் முந்தானை முடிச்சிலிருந்து பழுப்புப் பிக்கை எடுத்துப் பக்கத்திலிருந்த மேசையில் வைத்தார். "இது யாரோடதுன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார்.

ஐவரும் மேசையைச் சுற்றி வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் பிக்குகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். பச்சை சில, பழைய பழுப்பு சில. ஒருவர் எடுத்தார், இன்னொருவர் வாங்கித் திருப்பினார், மூன்றாமவர் கீழே வைத்தார். "என்னோடது மாதிரியே இருக்கு," என்றார் ஒருவர். "ராஜரத்தினத்தோடதும் இப்படித்தான் இருக்கும்," என்றார் இன்னொருவர். கைகள் விலகியபோது மேசையில் நான்கு பழுப்புப் பிக்குகள் கிடந்தன. நான்கிலும் எங்கள் கடை அச்சு. நான்கிலும் இடது தோள் உள்வாங்கியிருந்தது.

"நான் வச்சது எது?" என்றார் பாக்கியம்.

யாருக்கும் தெரியவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுவீங்கல்ல?"

ஆயிரத்தில் ஒன்றை எடுப்பேன் என்றவன் நான். நான்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணியில் தேய்த்து முகர்ந்தேன். நான்கிலும் கற்பூரம்.

"தெரியலம்மா," என்றேன். என் வாழ்நாளில் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். படியிறங்கும்போது பொன்னுசாமி பின்னாலேயே வந்தார். "ராஜரத்தினத்தோட அம்மா தெலுக் பங்லிமா காராங் பக்கம் எஸ்டேட்ல இருக்காங்கம்மா. மகன் நாடகத்துல நடிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட நாங்க என்னன்னு போயிச் சொல்றது?" என்று கேட்டார். பாக்கியம் முந்தானை முடிச்சைப் பிடித்தபடி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

6. தாக் தாவு

திரும்புகிற ரயிலில் எங்கள் பெட்டியில் வேறு யாரும் இல்லை. பாதி தூரம் வரை பாக்கியம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானை நுனியை எடுத்து நெற்றிவரைக்கும் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

"இதை அழிக்கணுமா, வேணாமாண்ணே?" என்றார். கோபமே இல்லாத குரல். "செத்துட்டாருன்னும் நீங்கதான் சொன்னீங்க. இருக்காருன்னும் நீங்கதான் சொன்னீங்க. இப்பவும் நீங்களே சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை சொல்லவில்லை. அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் போலீஸ் நிலையத்துக்குப் போய் அதே கார்ப்பரலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். எரிந்ததைத் திரும்பப் பார்க்க வழியில்லை. எழுதி முடித்துப் பேனாவை வைத்துவிட்டு அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்: "அப்படியானால் அந்தப் பிக், சியாப்பா புன்யா?"

"தாக் தாவு," என்றேன். தெரியாது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

தங்கவேலு வரவில்லை. ராஜரத்தினமும் வரவில்லை. சம்பானும் கிடைக்கவில்லை.

அதன்பிறகு நான் பெயர் சொல்லிப் பிக் பிரிக்கும் வித்தையை விட்டுவிட்டேன். பழையதைக் காட்டச் சொல்வதையும் நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வேன். கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிள்ளைகளே, உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பிக்கின் தேய்மானம் ஒருவர் எப்படி வாசித்தார் என்று சொல்லும். யார் வாசித்தார் என்று சொல்லாது. ஒருவருடைய சத்தம் பிடித்திருக்கிறது என்பதற்காக அவருடைய பிக்கை, அவருடைய பிடியை வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் விரல் முழுசாக இருந்தால் முழுசாகப் பிடியுங்கள். இன்றைக்கும் கிள்ளானிலிருந்து வருகிறவர்களில் எவராவது விரலை மடக்கினால், என்னையறியாமல் சத்தம் போட்டுவிடுகிறேன். கோபம் என்று நினைக்கிறார்கள்.

பாக்கியம் அதே தெருவில்தான் ரொம்ப வருஷம் இருந்தார். ஊர் என்னென்னவோ பேசியது. எதிரில் வந்தால் நிற்பார், நலம் விசாரிப்பார், ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நெற்றியைப் பார்ப்பேன். சில நாள் பொட்டு இருக்கும். சில நாள் இருக்காது.